"சமையல் யாரு?"

கல்யாணப் பந்தியில் சாம்பார் முடிந்து வத்தக்குழம்பு வரும் நேரத்தில் யாராவது பக்கத்து இலைக்காரரைக் கேட்பார்: "சமையல் யாரு?" கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் மாஸ்டருக்கு அடுத்த வேலை பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. பேப்பரில் விளம்பரம் வரலாம், இன்ஸ்டாகிராமில் ஜாங்கிரி படம் மின்னலாம். மகள் கல்யாணத்துக்கு 500 இலைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர், சாப்பிட்ட ஒருவரையாவது விசாரிக்காமல் கொடுப்பதில்லை. முகூர்த்தச் சாப்பாட்டை மறுநாள் மாற்றிப் போட முடியாதே.

கேள்விக்குப் பதில் சொல்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். "நம்ம மாஸ்டரைக் கூப்பிடுங்க" என்று சொன்ன வாய்க்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு சொதப்பினால் வருஷக்கணக்கில் "நீ சொன்ன ஆள்தானே" என்பார்கள். ஆகவே ஒருநாள் ருசியாக இருந்தது என்பதற்காக மட்டும் யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். தன் பேர் கெடாது என்ற தைரியம் அவர்களுக்கு வர வேண்டும்.

அந்தத் தைரியம் கடைசிப் பந்தியில் உண்டாகிறது என்பேன். முதல் பந்தியில் சம்பந்தி வீட்டார் உட்காருவார்கள் என்று எல்லா மாஸ்டரும் கவனமாகத்தான் இருப்பார். கடைசியில் உட்காருவது யார்? காலையிலிருந்து ஓடியாடிய பெண்ணின் சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன். அதற்குள் பாயசம் நீர்த்து, அப்பளம் தீர்ந்து, வடை ஆறிப்போயிருக்கும். பின்னால் ஊரும் உறவும் விசாரிக்கப்போவது இவர்களிடம்தான். இவர்களுக்கென்று ஒரு பாத்திரம் பாயசம் எடுத்து வைத்து, சுடச்சுட வடை போடுகிற மாஸ்டருக்கு வேறு விளம்பரம் தேவைப்படாது.

அடுத்து கணக்கு. சாப்பாடு பிரமாதமாக அமைந்தும் இலைக் கணக்கில் மனக்கசப்பு வந்தால் சிபாரிசு அங்கேயே நின்றுபோகும். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் வைத்து இலையை எண்ணி, நோட்டில் எழுதி, அப்போதே கையெழுத்து வாங்கிவிடலாம். மளிகை அவர்கள் வாங்கியதென்றால், மிஞ்சிய நெய்யையும் முந்திரியையும் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். "கை சுத்தம்" என்ற பேச்சு ருசியைவிட வேகமாகப் பரவும்.

யார் மூலம் அதிகம் பரவும் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களை பாஸ்டன் புறநகரில் விசாரித்ததில், அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் தகவல் கிடைத்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் கிடைத்தவர்கள் 55.6 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தள்ளியிருப்பவரிடம்தான் இருக்கும். கிரானோவெட்டர் ஆராய்ந்தது வேலை தேடுவதை. ஆனாலும் கல்யாண வீட்டுக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பெண் வீட்டு உறவுக்குள் இரண்டு மூன்று கல்யாணத்தோடு வட்டம் முடிந்துவிடும். மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர், எதிர்வீட்டுக்காரர், மண்டப வாட்ச்மேன் இவர்கள் ஒவ்வொருவரும் வேறொரு வட்டத்துக்கு வாசல்.

இனி, கேட்கும் முறை. "ஏதாவது ஆர்டர் இருந்தா சொல்லுங்க" என்றால் எதிரில் இருப்பவருக்கு எந்த முகமும் நினைவுக்கு வராது. கல்யாணமில்லாத ஆடியில் பழைய வீட்டாருக்குப் போன் போட்டு, "அக்கா, உங்க ஆபீஸ்ல யார் வீட்லயாவது வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் வருதா? 50 இலைன்னாலும் வர்றேன்" என்று கேட்டால் நினைவு வரும். சின்ன விசேஷம் என்பதால் சொல்பவருக்கும் பயம் குறைவு.

கமிஷன் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மண்டபக்காரருக்குக் கொடுப்பது தொழில் வழக்கம். சாப்பிட்டு மகிழ்ந்த வீட்டாருக்குப் பணம் நீட்டினால் அவர் வாய் அடைத்துப்போகும். காசுக்காகச் சொன்னார் என்ற பேச்சு அவருக்கு ஆகாது. அதற்குப் பதில், அவர் அனுப்பிய ஆர்டர் முடிந்த அன்றே போன் செய்து விவரம் சொல்லி நன்றி சொன்னால் போதும். தீபாவளிக்கு ஒரு டப்பா மைசூர்பாகு அனுப்பலாம்.

ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீடு கேட்டால், ஆளைப் பிரித்து இரண்டையும் ஒப்புக்கொள்ளும் ஆசை வரும். முடியாது என்று அன்றே சொல்லி, நம்பிக்கையான இன்னொரு மாஸ்டரின் நம்பரைக் கொடுக்க வேண்டும். சிபாரிசு செய்தவருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாஸ்டருக்கும் இப்படித் தேதி இடிக்கும். அன்றைக்கு அவர் கொடுக்கிற நம்பர் நம்முடையதாக இருக்கும்.