பெருகிய விளைச்சல் யாருக்கு உரியது?

கோயம்புத்தூர் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டியதும் கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ளது வேலந்தாவளம். தமிழ் பேசும் உழவர்கள் நிறைந்த பகுதி அது. கேரளத்தின் பிற பகுதிகளை நோக்க இங்கு மழை குறைவு. ஆகவே தென்னையும் காய்கறியும் பெரிதும் நிலத்தடி நீரை நம்பியே வளர்கின்றன. வானம் பொய்த்த ஆண்டுகளில் உழவரைக் காத்தது ஆழ்துளைக் கிணறு. அந்த நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும், அந்த நன்மை யாரைச் சென்றடைந்தது என்ற வினா எஞ்சி நிற்கிறது.

நிலத்திற்கு வேலி உண்டு; அதன் அடியில் உள்ள நீருக்கு வேலி இல்லை. வசதி படைத்தவர் மேலும் மேலும் ஆழமாகத் துளையிட்டு இறைக்கும்போது நீர்மட்டம் தாழ்கிறது. பக்கத்து நிலத்துச் சிறு விவசாயியின் திறந்த கிணறு வற்றிப்போகிறது. அவர் சோம்பலால் தோற்கவில்லை. அவருடைய உழைப்பிலும் குறைவில்லை. ஆழம் செல்லப் பணம் இல்லாததே அவரது குறை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில், நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பகுதியாகச் சித்தூர் வட்டாரம் குறிக்கப்பட்டதுண்டு.

சொட்டு நீர்ப் பாசனம் நீரைச் சிக்கனப்படுத்தும் சிறந்த முறை. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி வேளாண் பாசனத் திட்டம், இதற்காகச் சிறு, குறு விவசாயிகளுக்கு 55 விழுக்காடும் மற்றவர்களுக்கு 45 விழுக்காடும் மானியம் வழங்க வகை செய்தது. எளியவருக்குச் சற்று மிகுதியாக அளித்தது நல்ல நோக்கமே. ஆனால் குழாயில் விட நீர் உள்ளவருக்குத்தான் மானியம் பயன்படும். மிச்சமான நீரைக் கொண்டு மேலும் சில ஏக்கர் பயிரிட்டால், நிலத்தடியில் மிஞ்சுவது எதுவுமில்லை.

இது புதிய அனுபவமன்று. 1960-61-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. புதிய நெல் விதை பெரிய பண்ணைக்கும் சிறிய வயலுக்கும் ஒன்றே. ஆனால் அதற்கு வேண்டிய உரமும் கடனும் உறுதியான நீரும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. விளைச்சல் பெருக வேண்டும் என்று நாடே முயன்ற அதே காலத்தில், அதே மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் தீக்கிரையாயின.

"துணிந்து முதலிட்டவர் பயன் பெறுவது நியாயந்தானே?" என்று கேட்கலாம். அவருடைய துணிவுக்கும் உழைப்புக்கும் உரிய பயன் அவருக்கே சேர வேண்டும், ஐயமில்லை. ஆனால் நீரை அவர் படைக்கவில்லை. அயலாரின் கிணறு வற்றியதால் கிடைத்த இலாபம் உழைப்பின் பயனாகாது. அது அயலாருக்குப் பட்ட கடன். செல்வத்தை உடையவர் அதன் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தியது இத்தகைய உடைமைக்கே முதலில் பொருந்தும்.

தர்மகர்த்தாவாக வாழ்வது எட்டாத இலட்சியமன்று. வற்றிய கிணற்றுக்காரருடன் நீரைப் பங்கிடலாம். மழைநீரை மண்ணுக்குள் திருப்பி அனுப்பலாம். விளைச்சல் உயரும்போது கூலியையும் உயர்த்தலாம். புதிய கருவி ஒன்றை வாங்கும் உழவர், "எனக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்று கணக்கிடுவது இயல்பு. "இதனால் யாருக்குக் குறையும்?" என்றும் அவர் கேட்கும்போது அந்தக் கணக்கு முழுமை பெறுகிறது.