சங்கிலியின் மறுமுனை

2001 ஆகஸ்ட் 6 அன்று, பொழுது விடியும் முன்பே இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்தது. மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்று அதற்குப் பெயர். உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட மனநோயாளிகள் இருந்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள்.

நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. ஒரே வாரத்தில் ஏர்வாடியின் இதுபோன்ற காப்பகங்கள் எல்லாம் இழுத்து மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். காப்பகத்தை நடத்தியவருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. குற்றம், குற்றவாளி, தண்டனை எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டதுபோல் தோன்றும். ஆனால், அந்த நோயாளிகள் தாமாக நடந்துவந்து கொட்டகையில் படுத்துக்கொள்ளவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெற்ற தாயும், கூடப் பிறந்தவர்களும், கட்டிய மனைவியும்தான்.

அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். மனநோயாளிகளை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துவருவது பல தலைமுறைப் பழக்கம். மத வித்தியாசம் பார்க்காமல் வருவார்கள். தர்கா விளக்கின் எண்ணெயைத் தலையில் தேய்ப்பார்கள், ஓதிய தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ‘ஊருக்குப் போ’ என்று கனவில் உத்தரவு வரும்வரை அங்கேயே தங்க வேண்டும் என்பது நம்பிக்கை. உத்தரவு வர மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற குடும்பத்தில் யார் அதுவரை கூடவே உட்கார்ந்திருப்பது? மாதாமாதம் பணம் அனுப்பினால் பார்த்துக்கொள்கிறோம் என்று கொட்டகைக்காரர்கள் சொன்னது அந்த இடத்தில்தான். பகலில் மரத்தடியில் கயிறு, இரவில் சங்கிலி. காவலுக்கு ஆள் போடுவதைவிடப் பூட்டு மலிவு.

அந்தக் குடும்பத்துக்கு அன்று வேறு என்ன வழி இருந்தது? மாநிலம் முழுவதற்கும் ஒரே அரசு மனநல மருத்துவமனை, சென்னை கீழ்ப்பாக்கத்தில், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்தது அது. பக்கத்தில் வேண்டுமென்றால் மதுரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தேசிய மனநலத் திட்டம் 1982லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டின் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் திருச்சியும் ஒன்று. இராமநாதபுரத்துக்கு அது வந்தது தீ விபத்துக்குப் பிறகுதான்.

சங்கிலி போட்டது தவறு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் அதைத் தடைசெய்கிறது. ஆனால் ஒரு தவறில் பலருக்குப் பங்கிருக்கும்போது, கைக்கு அகப்பட்டவர் மீது முழுச் சுமையையும் ஏற்றிவிடுவது நியாயமாகாது. வேலைக்குப் போகும்போது மகனைத் தூணில் கட்டிவிட்டுப் போகிற தாய், அவன் தெருவில் அடிபட்டுச் சாகக் கூடாது என்றுதான் கட்டுகிறாள். அவளுக்கு வேறு வழி தெரியாது. அரசுக்கு வழி தெரியும். என்ன செய்யலாம் என்று திட்டமாக எழுதியும் வைத்திருந்தது. தெரிந்தும் செய்யாதவருக்கு, தெரியாமல் செய்தவரைவிடக் கூடுதல் பொறுப்பு என்பதே முறை. கொட்டகைகளை மூடியது சரியான செயல்தான். மூடியதோடு கடமை முடிந்தது என்று நினைத்ததுதான் பிழை.

பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. கடுமையான மனநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. ஒன்றிய அரசின் சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது ஒரு சதவீத அளவுதான். அதிலும் பெரும்பகுதி பெங்களூரு, தேஜ்பூர் என்று இரண்டு பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடுகிறது. தாலுகா ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட கிழமையில் மட்டும் வரும் மருத்துவருக்காகக் காத்திருப்பவருக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

பணம் இல்லை, தாய்சேய் நலமா மனநலமா என்றால் எதை முதலில் கவனிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது முழுப் பதிலாகாது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது. மறுநாள், ஏர்வாடித் தீயின் இருபதாம் ஆண்டு. (தற்செயல்தான்; யாரும் நாள் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை.) மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டிய நோய்களுக்கு வீடு தேடிப் போக வேண்டும் என்ற புரிதல் அரசுக்கு வந்துவிட்டது. மனச்சிதைவும் அப்படிப்பட்ட நோய்தான். சொல்லப்போனால், மாத்திரையை நிறுத்தினால் அந்த நோயாளி தானாக ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவர மாட்டார். வீடு தேடிப் போக வேண்டியவர்களில் முதல் ஆள் அவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஏன் இல்லை? இங்கேதான் அரசியல் வருகிறது. டயாலிசிஸ் எந்திரம் இல்லையென்றால் சாலை மறியல் நடக்கும், பிரசவத்தில் உயிர் போனால் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடும். மனநோயாளி வீட்டார் மறியலுக்கு வர மாட்டார்கள். வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், அடுத்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும். சத்தம் வராத இடத்துக்கு நிதியும் வருவதில்லை. ஓட்டுக் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை. மனநோயாளிகளில், நீதிமன்றம் ‘சித்த சுவாதீனமற்றவர்’ என்று அறிவித்தவருக்கு மட்டுமே வாக்காளர் பட்டியலில் இடமில்லை என்கிறது தேர்தல் சட்டம். நடைமுறையில், மனநல மருத்துவமனைக்குள் இருப்பவர்களை வாக்காளர்களாக யாரும் நினைத்ததே இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைத்து உள்ளிருப்போர் ஓட்டுப்போட்டது அதனால்தான் செய்தியானது.

அந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவில், யாரும் அதிகம் பேசாத ஒரு வரி இருக்கிறது. சொந்த மாவட்டத்தில் அரசு மனநலச் சேவை கிடைக்காவிட்டால் நோயாளி அதே மாவட்டத்தில் வேறு மனநலச் சேவையை நாடலாம். ஆன செலவை அரசு திருப்பித் தர வேண்டும். சலுகையாக அல்ல, உரிமையாக. கடன் வாங்கித் தனியார் மருத்துவமனையில் காட்டிய ஒரு குடும்பம், அந்த ரசீதுகளைக் கத்தையாகக் கட்டிக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் முன்னால் நீட்டினால், எந்தப் பிரிவுக்கு அனுப்புவது, எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் எடுப்பது என்று அன்றைக்கே யாராவது சொல்லியாக வேண்டும்.