தாளின் ஏழு பிறவி

பழைய தாள் குப்பை அன்று. மறுபடியும் தாளாகக் காத்திருக்கும் மரநார். அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மையை நீக்கினால் அந்த நார் மீண்டும் உருப்பெறும். ஒவ்வொரு சுழற்சியிலும் நாரின் நீளம் சிறிது குறையும். ஆயினும் ஐந்து முதல் ஏழு முறை வரை அது பயன் தரும். மரத்தை வெட்டிப் புதுக்கூழ் காய்ச்சுவதைவிட இதற்குத் தண்ணீரும் எரிசக்தியும் குறைவாகவே செலவாகும்.

பினாங்கு மாநிலத்தில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் திட்டம் 2016 ஜூன் 1-இல் தொடங்கியது. மறுசுழற்சித் தொட்டிகளுள் நீலம் தாளுக்கு உரியது. செபராங் ஜெயாவுக்குத் தெற்கே, சிம்பாங் அம்பாட்டில் பழைய தாளையும் அட்டையையும் புதுத் தாளாக்கும் ஆலை உண்டு. பிரிக்காமல் வீசிய தாளோ பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போய், மட்கும்போது மீத்தேன் வாயுவை வெளியிட்டுப் புவியைச் சூடாக்குகிறது.

மரத்தைக் காப்பது மூச்சைக் காப்பதே. சுமத்ராவில் காகிதக்கூழ் மரத்தோட்டங்களுக்காகவும் செம்பனைக்காகவும் சதுப்புநிலக் காடுகள் அழிக்கப்பட்டு, அவற்றின் நீர் வடிக்கப்பட்டது. காய்ந்த நிலம் தீப்பற்றியபோது, 2015-இல் எழுந்த புகைமூட்டம் மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்கையும் மூடியது. நிற்கும் மரமோ கரியமிலவாயுவை உள்வாங்கித் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. வேரால் மண்ணைப் பிடித்து, மழைநீரை நிலத்தில் இறக்குகிறது.

எண்ணெய் பட்ட தாளும் அழுக்கேறிய தாளும் மறுசுழற்சிக்கு ஆகா. தாளின் இருபுறமும் எழுதுவதும், உலர்ந்த தாளைத் தனியே கட்டிவைப்பதும் ஒவ்வொரு வீடும் இன்றே தொடங்கக்கூடிய மரக்காப்பு.