அளக்கும் நகரமும் அறத்தின் வினாவும்

நகரம் என்பது கட்டடங்களினதும் வீதிகளினதும் தொகுதி மட்டுமன்று. ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் மக்கள் நீரையும் காற்றையும் வெளியையும் பகிர்ந்து வாழ்வதற்குச் செய்துகொண்ட உடன்பாடும் அதுவேயாகும். நகர அரசு உயிர்வாழ்தலின் பொருட்டுத் தோன்றி, நன்கு வாழ்தலின் பொருட்டு நிலைபெறுகின்றது என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. நன்கு வாழ்தல் யாது என்பதை முடிவு செய்வோர் யாவர் என்ற வினா அன்று தொட்டு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. அண்மைக் காலத்தில் உலகெங்கும் பேசப்படும் ‘திறன் நகரம்’ என்னும் எண்ணக்கரு இவ்வினாவைப் புதியதொரு வடிவில் எழுப்பியுள்ளது.

திறன் நகரத்தின் அடிப்படை எளிமையானது. நகரின் பல இடங்களிலும் உணரிகள் பொருத்தப்படுகின்றன. அவை திரட்டும் தரவுகள் கணினிக்குச் செல்கின்றன. கணினி தரும் விடைக்கேற்ப நகரின் சேவைகள் இயங்குகின்றன. ஆள் நடமாட்டமற்ற வேளையில் வீதி விளக்கு ஒளி குன்றுகின்றது. மக்கள் உறங்கும் நள்ளிரவிலும் குறையாத நீரோட்டம் நிலத்தடிக் குழாயின் கசிவைக் காட்டிக்கொடுக்கின்றது. நிரம்பிய குப்பைத் தொட்டி தன் நிலையைத் தானே அறிவிக்கின்றது. விரயத்தைக் குறைக்கும் இம்முறைகளின் பயனை எவரும் மறுத்தல் இயலாது.

எனினும் விரயத்தைக் குறைத்தலும் நிலைபேறும் ஒன்றல்ல. 1987ஆம் ஆண்டு வெளியான புருண்ட்லாண்ட் ஆணைக்குழுவின் அறிக்கை, வருந்தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்யும் ஆற்றலுக்கு ஊறு விளைக்காது இன்றைய தேவைகளை நிறைவு செய்தலே நிலைபேறான அபிவிருத்தி என வரையறுத்தது. இவ்வரையறையின் உயிர்நாடி ‘தேவை’ என்னுஞ் சொல்லாகும். ஒரு வீட்டில் எத்தனை அலகு மின்சாரம் செலவாயிற்று என்பதை மானி காட்டும். அதில் எவ்வளவு தேவை, எவ்வளவு ஆசை என்பதை அது காட்டாது. நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் இயங்கத் தொடங்கியபோது நிலக்கரியின் மொத்த நுகர்வு குறையாமற் கூடியதை ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே சுட்டிக்காட்டினார். சிக்கனத்தைக் கருவி தரலாம். எல்லையை வகுப்பது மனிதரின் தீர்மானமேயாகும்.

எதனை அளப்பது என்பதும் அத்தகையதொரு தீர்மானமே. தென்கொரியாவின் இஞ்சியோன் பகுதியில் எழுந்த சொங்டோ இதற்குத் தக்க சான்றாகும். வீட்டுக் குப்பையை நிலக்கீழ்க் குழாய்களினூடாகக் காற்றினால் உறிஞ்சி அகற்றும் அமைப்பும் பரந்த பூங்காவும் கொண்ட அந்நகரம் சூழலுக்கு இயைந்ததெனப் புகழப்பட்டது. ஆனால் அது நிற்கும் நிலமோ மஞ்சட் கடலின் சேற்றுப் படுகைகளை நிரப்பிப் பெறப்பட்டதாகும். வலசை செல்லும் பறவைகள் இரைதேடி இளைப்பாறிய படுகைகள் அவை. நகரினுள்ளே பொருத்தப்பட்ட உணரிகள், நகருக்காக அழிந்தவற்றை அளக்கமாட்டா.

அளப்பவர் யார், அளக்கப்படுபவர் யார் என்ற வினா கனடாவின் ரொறன்ரோ நகரில் வெளிப்படையாக எழுந்தது. அந்நகரின் ஏரிக்கரையில் கீசைட் எனப்படும் ஏறத்தாழ 12 ஏக்கர் நிலத்துக்கான திட்டத்தை, கூகிளின் தாய் நிறுவனமாகிய அல்பபெற்றுக்குச் சொந்தமான சைட்வோக் லாப்ஸ் வகுக்குமென 2017 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. மரத்தாலான உயர்ந்த கட்டடங்கள், பனியை உருக்கும் நடைபாதைகள் எனத் திட்டம் கவர்ச்சி மிக்கதாகவே இருந்தது. ஆயின் பொதுவெளியில் நடமாடுவோரைப் பற்றித் திரட்டப்படும் தரவு எவருக்குரியது என்பது பெரும் சர்ச்சையாயிற்று. திட்டத்தின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆலோசகராகவிருந்த ஆன் கவூக்கியன், தரவு திரட்டப்படும் இடத்திலேயே ஆளடையாளம் நீக்கப்பட வேண்டுமென்ற விதி ஏனைய நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் என்ற உறுதி கிடையாமையால் 2018 ஒக்டோபரில் விலகினார். 2020 மே மாதத்தில், பெருந்தொற்றுக் காலப் பொருளாதார நிச்சயமின்மையைக் காரணங்காட்டி நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. திட்டம் மறைந்ததேயன்றி வினா மறையவில்லை. ஒரு கருவியை விரும்பாதவர் அதனை வாங்காதிருக்கலாம். வீதியிலுள்ள உணரியை விரும்பாதவர்க்கு வீதியில் நடவாதிருத்தலன்றி வேறு வழியில்லை.

புவி வெப்பமடைந்துவரும் இந்நெருக்கடியில் ஒவ்வொருவரது சம்மதத்தையும் நாடி நிற்கக் காலமில்லை. நற்பயன் விளையுமாயின் அதுவே போதும் என்பர் சிலர். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. காலந் தாழ்த்துவதால் துன்புறுவோருள் இன்னும் பிறவாதோரும் உளர். ஆயினும் சிக்கனத்தின் சுமை எவர்மீது விழுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். நெரிசல் மிக்க வீதிக்குக் கட்டணம் விதிக்கப்படின் செல்வர் அதனைச் செலுத்திச் செல்வர். வறியவர் சுற்றுவழி தேடுவர். நெரிசல் குறைந்தது என்ற எண்ணோ இருவரையும் வேறுபடுத்திக் காட்டாது. சுமையைப் பங்கிடுதல் நீதியின்பாற்பட்டது. சுமப்போரின் குரலைக் கேளாத பங்கீடு நீதியாகாது. மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் கொள்கை, நற்பயன் நாடுவோரையும் கட்டுப்படுத்துவதாகும்.

இதனால் உணரிகளை ஒழித்தல் வேண்டுமென்பது பெறப்படாது. ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் பிளாசா டெல் சோல் என்னும் சதுக்கத்தையடுத்து வாழ்வோர் இரவு நேர இரைச்சலால் நெடுங்காலம் அல்லலுற்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவி பெற்ற செயற்றிட்டமொன்றின் துணையுடன், 2017ஆம் ஆண்டளவில், அவர்கள் தம் வீட்டு மாடங்களிலே உணரிகளைப் பொருத்தி ஒலியளவைத் தாமே பதிந்தனர். பெற்ற தரவுகளை வைத்துக் கலந்துரையாடினர். இரவில் அங்கு கூடுவோரின் மகிழ்ச்சிக்கும் அயலவரின் உறக்கத்துக்கும் இடையே எது பெரிது என்பதை அத்தரவுகள் தீர்ப்பிடவில்லை. முறைப்பாடாக மட்டும் இருந்ததை அவை சான்றாக மாற்றின. கருவி பிற நகரங்களில் உள்ளது போன்றதே. அளப்போரும் அளக்கப்படுவோரும் ஒருவராயினர் என்பதே வேறுபாடு.

ஆகவே, திறன் நகரத்தை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் அதிலுள்ள உணரிகளின் தொகையோ, அது மிச்சப்படுத்தும் மின்சாரமோ மட்டுமன்று. எதனை அளப்பது, எதற்காக அளப்பது, அளந்தபின் எவர் எதனை விட்டுக்கொடுப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் இடத்தில் நகரமாந்தர் அமர்ந்துள்ளனரா என்பதே முதன்மையான வினா. அவ்விடம் அவர்களுக்கு மறுக்கப்படுமாயின், விரயமற்ற நகரொன்றிலே அவர்கள் நன்கு பராமரிக்கப்படுவராயினும், குடிமக்களாய் வாழ்ந்தவராகார்.