திரும்பிப் போவதும் ஓர் அதப்

 

ஒரு மனிதரின் ஒழுக்கத்தை அறிய வேண்டுமா? அடுத்தவர் வீட்டு வாசலில் அவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள்.

அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று ஸூரா அந்நூரின் 27வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இது நம் எல்லோருக்கும் தெரியும். 28வது வசனத்தைத்தான் மறந்துவிடுகிறோம். திரும்பிப் போகச் சொன்னால் போய்விட வேண்டும். அதுவே நமக்குத் தூய்மையானது என்கிறான்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேராக நிற்க மாட்டார்கள். வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார்கள். அன்றைய வாசல்களில் திரைகள் கிடையாது. வீட்டாரின் மறைவை அவர்கள் அப்படிப் பேணினார்கள்.

அபூமூஸா (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களைச் சந்திக்க மூன்று தடவை அனுமதி கேட்டார்கள். பதில் இல்லை. திரும்பிவிட்டார்கள். ஏன் திரும்பினீர்கள் என்று உமர் (ரலி) பிறகு கேட்டபோது, மூன்று முறைக்குப் பின் திரும்பிவிட வேண்டும் என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். அதற்கு உமர் (ரலி) சாட்சி கேட்டார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். வந்தவர் மனதில் வருத்தமில்லை, வீட்டுக்காரருக்கும் குறையில்லை.

நம் நிலை என்ன? கதவு திறக்கவில்லையென்றால் கோபம். போனை எடுக்கவில்லையென்றால் பத்து தடவை அடிக்கிறோம். "என்னை மதிக்கவில்லை" என்று வருடக்கணக்கில் உறவை முறிக்கிறோம்.

என்னைப் பற்றியும் சொல்கிறேன். ஒருநாள் அஸருக்குப் பின் ஒரு வீட்டுக்குப் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. மூன்று முறை ஸலாம் சொன்னேன், யாரும் வரவில்லை. "பள்ளியின் இமாம் வந்து நிற்கிறேன், இப்படிச் செய்கிறார்களே" என்று மனம் கொதித்தது. பாதி வழியில்தான் அந்த வசனம் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்திய வசனம்! வெட்கமாகிவிட்டது. உள்ளே நோயோ, கண்ணீரோ, கடன் பேச்சோ, அது அவர்களின் அமானிதம். காரணத்தை இன்றுவரை நான் கேட்கவில்லை. மறுநாள் தொழுகையில் அவரைப் பார்த்தபோது முதலில் ஸலாம் சொன்னேன்.

முஹாஜிர்களில் ஒருவர், தம்மை யாராவது திருப்பி அனுப்பி இந்த வசனத்தின்படி அமல் செய்ய மாட்டோமா என்று வாழ்நாள் முழுவதும் ஏங்கினாராம். நமக்கு அந்த வாய்ப்பு வரும்போது முகம் சுளிக்கிறோம்.

சகோதரர்களே! மூடிய கதவின் பெயரால் யாரிடமாவது பேசாமல் இருந்தால், ஜும்ஆ முடிந்ததும் அவருக்கு ஸலாம் சொல்லுங்கள்.

வாசலிலும் அதபைப் பேணும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.