சமபந்தியும் வீட்டுப் பந்தியும்

சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவருக்குத் தனிப்பந்தி வைத்ததன்பேரில் 1925-ல் தமிழ்நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பினாங்கிலோ, தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோற் சுமந்து விற்ற நாசி கண்டார் சோறு கடையேறியபின், அங்கே சாதி கேட்பாரில்லை. காசு கொடுத்தவன் எவனும் அயலானோடு ஒரே மேஜையில் உண்கிறான்.

இது சமத்துவமாகுமா? வியாபாரமே என்பர் சிலர். இருக்கட்டும், வியாபாரத்தால் வந்த நற்பழக்கமும் நற்பழக்கமே.

ஆனால், கடையில் யாரோ ஒருவனுடன் சரிசமமாய் உண்டவன், வீட்டில் தான் முந்தி உண்டு, தோட்டத்தில் தனக்கு நிகராய்ப் பால்மரம் வெட்டிய மனைவியை மிச்சத்துக்குக் காத்திருக்கச் செய்வது என்ன நியாயம்?

அன்பர்களே! மனைவி மக்களைக் கடைக்கும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலும் அவர்களோடு ஒருங்கே உட்காருங்கள். கடையில் காசு செய்ததை, காசு பேசாத வீட்டில் நம் மனச்சாட்சியே செய்தாகவேண்டும்.