சட்டம் கேட்பதும் மனச்சாட்சி கேட்பதும்

சட்டம் கேட்டதைச் செய்து முடித்தவன், தன் கடமையையும் செய்து முடித்தவன் ஆவானா? அன்பர்களே, இக்கேள்விக்கு விடை தேட, சிறிய ஆகாய விமானம் ஓட்டுகிறவர்களின் வித்தையில் ஒரு காரியத்தைக் கவனியுங்கள்.

விமானம் எதிர்க்காற்றில் இறங்குவது எளிது. ஆனால் ஓடுபாதை ஒரே திசையில் கிடக்கிறது. காற்றோ நாளுக்கொரு திசையில் வீசுகிறது. குறுக்கே வீசும் காற்று, சிறிய விமானத்தைப் பாதையை விட்டு ஒதுக்கித் தள்ளும். காற்று இடப்பக்கமிருந்து அடித்தால், விமானி இடது இறக்கையைச் சற்றே தாழ்த்துகிறார். விமானம் அப்பக்கம் திரும்பிவிடாதபடி வலது காலால் சுக்கானை மிதித்து, மூக்கைப் பாதைக்கு நேராக நிறுத்துகிறார். முதலில் இடது சக்கரம் தரையைத் தொடும், பிறகு வலது சக்கரம், கடைசியில் முன்சக்கரம். தரை தொட்டாயிற்று என்று கையைத் தளர்த்தினால், அப்பொழுதும் காற்று இறக்கையைத் தூக்கிவிடக்கூடும். கையும் காலும் எதிரெதிராக வேலை செய்யும் இந்தப் பழக்கம் புத்தகம் படித்து வருவதன்று. காற்றடிக்கும் நாளில் போய்ப் பழகினால் வரும். பழகாமல் விட்டால் மங்கிப்போகும்.

இனி அமெரிக்க நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானி, அதற்கு முந்திய 90 நாட்களுக்குள் மூன்று தடவை கிளம்பி, மூன்று தடவை இறங்கியிருக்க வேண்டும். எவ்வளவு காற்றில் இறங்கினீர் என்று இவ்விதி கேட்பதில்லை. இலை அசையாத ஒரு காலையில் மூன்றையும் முடித்து, கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. உத்தரவு போட்டால் காற்று வீசாது. எல்லோருக்கும் பொதுவான ஒரு குறைந்த அளவைத்தான் சட்டம் வகுக்க முடியும்.

மறுநாள் அந்த விமானி தம் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேரும் இடத்தில் குறுக்குக் காற்று. பின்னால் அமர்ந்திருக்கும் குழந்தை தகப்பனுடைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஏறவில்லை. தகப்பனை நம்பி ஏறியது. சட்டத்தின்முன் அவர் குற்றமற்றவர். அக்குழந்தையின்முன்?

“அப்படியானால் எந்தக் காற்றிலும் துணிந்து இறங்க வேண்டுமோ?” என்று கேட்பீர்கள். அதுவும் தவறு. 1956-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 172எஸ் வகையின் கைநூல், குறுக்குக் காற்றுக்கு 15 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் என்று குறிப்பிடுகிறது. தேர்ந்த விமானி ஒருவர் சோதனையில் செய்து காட்டிய அளவு அது. அவருக்கு இயன்றது நமக்கும் இயலும் என்று அந்த எண் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே விவேகமுள்ளவர், பிரயாணிகள் இல்லாமல், ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு, மெல்லிய காற்றில் தொடங்கிப் படிப்படியாகப் பழகுகிறார். “இவ்வளவுக்கு மேல் நான் இறங்கேன்” என்று தம் எல்லையை வீட்டிலேயே எழுதி வைக்கிறார். ஏனெனில் ஊர் கண்ணுக்குத் தெரிந்தபின் ஆசை புத்தியை வாங்கிவிடும். இறக்கம் சரிப்படாவிட்டால், மறுபடியும் மேலே எழும்பிச் சுற்றி வருகிறார். வேண்டுமானால் வேறு தளத்துக்குப் போகிறார். இது கோழைத்தனம் அன்று. இதையும் பழகித்தான் பெற வேண்டும்.

நம் வீடுகளிலும் இந்தக் கணக்குப் புத்தகம் உண்டு. மாதம் தவறாமல் தாய்க்குப் பணம் அனுப்புகிற மகன், “நான் என்ன குறை வைத்தேன்?” என்கிறான். குறை ஒன்றும் இல்லைதான். ஆனால் தாய் படுக்கையில் விழும் நாளில், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அவனிடம் பொறுமை இருக்குமா? அமைதியான நாட்களின் மரியாதை மட்டும் அந்தப் பொறுமையைத் தந்துவிடாது. சிறு சிறு எரிச்சல்களில் நாவை அடக்கிப் பழகியவனுக்கே அது அன்று கைகொடுக்கும்.

சட்டம் நம்மைக் கேட்பது, “செய்தாயா?” என்று. நம்மை நம்பி ஏறியவர்களுக்கோ வேறொன்று தேவை: காற்றடிக்கும்போது செய்யத் தெரிந்த ஒருவர். இவ்வாரம் வரும் சிறு காற்றிலேயே பழகத் தொடங்குவோமாக.